குறிஞ்சிக் கண்ணும் நெய்தல் விலங்கும்: ஓர்க்காக் காட்சிப் பயணத்தைத் திணைமயக்கமாக வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

படகேறிச் சென்று ஓர்க்கா, திமிங்கிலம் முதலிய கடல்விலங்குகளை அவற்றின் வாழிடத்திலேயே கண்டு திரும்பும் பயணம் தமிழ்ப் பயண எழுத்துக்கும் பொருளாகியுள்ளது. அவ்வெழுத்தை மதிப்பிடுவதற்கான அளவுகோலைத் தமிழ் இலக்கிய மரபின் உள்ளிருந்தே பெற இக்கட்டுரை முயல்கிறது. சங்க நெய்தற் பாடல்களில் கடல்விலங்கு தொழிலின் வழியாகவே அறியப்படுகிறது. காத்திருந்து நோக்கும் பார்வை குறிஞ்சிக்கு உரியது. எனவே காட்சிப் பயணம் நெய்தல் நிலத்தில் நிகழும் குறிஞ்சிப் பார்வை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கள்ளக்குறிச்சி வட்டாரத்தோடு தொடர்புடைய இரு புறப்பாடல்கள், குறுந்தொகைப் பாடல்கள் மூன்று, மலைபடுகடாம் ஆகியவை முதன்மைச் சான்றுகள். இலங்கைக் கடலிலும் வட அமெரிக்காவின் மேலைக் கரையிலும் நிகழும் காட்சிப் பயணங்கள் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: திணைமயக்கம், குறிஞ்சி, நெய்தல், ஆற்றுப்படை, ஓர்க்கா, ஓங்கல், கோணமலை.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. 2019 நவம்பர் 26 வரை அது விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தமையால், மரக்காணம் கடற்கரையும் கல்வராயன் மலையும் ஒரே ஆட்சி எல்லைக்குள் அடங்கியிருந்தன. பிரிவினையில் கடற்கரை விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. மலை கள்ளக்குறிச்சிக்கு வந்தது. இந்த ஆட்சி நிகழ்வுக்கு இலக்கியத்தில் ஒரு பழைய முன்னோடி உண்டு. இன்று இம்மாவட்டத்துள் அமைந்த திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் நாட்டைப் பாடும் கபிலர், அது கடலால் கொள்ளப்படாதது, பகைவராலும் கொள்ள முயலப்படாதது எனத் தொடங்குகிறார் (புறம். 122). உள்நாட்டின் பெருமையைச் சொல்லப் புகுந்த புலவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது கடல் என்பது கருதத்தக்கது.

அதே காரியைப் பாடிய மாறோக்கத்து நப்பசலையார் இன்னும் வியப்பான ஓர் உவமையைக் கையாள்கிறார். சேரனின் பொன் கொணரும் நாவாய் மேலைக் கடலில் ஓடிய வழியில் பிற கலங்கள் செல்லாதவாறு போல, கபிலர் பாடிய பின் பிறர் பாட இயலாது என்பது அவர் கூற்று (புறம். 126). மாறோக்கம் கொற்கையைச் சூழ்ந்த பகுதி என்பது உரைமரபு. கடலோரத்துப் புலவர் பெண்ணையாற்று நாட்டிற்கு வந்து, அந்நாட்டு வள்ளலின் முன்னிலையில், புலமைத் துறையின் நெருக்கடியை மரக்கலத்தின் வழித்தடமாகக் காண்கிறார். மலைநாட்டுப் பாடலுக்குள் கடல் இவ்வாறு உவமையாக நுழைகிறது. மறுதலையாக, கடல் பற்றிய எழுத்துக்குள் மலை எவ்வாறு நுழைகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

வினா எழுந்த சூழலையும் குறிப்பிட வேண்டும். திமிங்கிலம் காணும் படகுப் பயணங்களைப் பற்றி இதழ்களிலும் நூல்களிலும் வெளிவரும் தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. விடியலுக்கு முன் புறப்பாடு, கடல் குமட்டல், ஏமாற்றம் தரும் இரண்டு மணி நேரம், திடீரென ஒரு முதுகுத்துடுப்பு, படகில் கூச்சல், இயற்கையின் பேராற்றல் குறித்த ஒரு பத்தி. விலங்கு தோன்றும் கணத்தில் மொழி வறண்டுவிடுகிறது. வியப்புக்குறிகள் அவ்விடத்தை நிரப்புகின்றன. இவ்வறட்சியை எழுதுபவரின் திறன்குறை என்று தள்ளிவிடுவது எளிது. கடல்விலங்கைப் பார்ப்பதற்கென்றே பார்க்கும் செயலுக்கு நெய்தல் மரபில் முன்வடிவம் அரிது என்பதே உண்மையான காரணமாகத் தோன்றுகிறது.

நெய்தலில் விலங்கு: உளியும் புண்ணும்

பிற்கால அகப்பொருள் இலக்கணமும் உரைமரபும் நெய்தலின் விலங்காகச் சுறாவைச் சுட்டும். ‘மா’ என்னும் கருப்பொருள் வகைக்குள் ஒரு மீனை அடக்கும் இவ்வேற்பாடு, கடற்புறத்தில் யானைக்கும் புலிக்கும் நிகரான அச்சத்தைத் தரவல்லது சுறாவே என்ற பட்டறிவிலிருந்து வந்ததாகலாம். ஆனால் பாடல்களில் அச்சுறா எங்கே காணப்படுகிறது? கல்லாடனார் பாடலில் (குறுந். 269) தலைவியின் தந்தை சுறாத் தாக்கிய புண் ஆறிய பின் மீண்டும் கடலுக்குள் சென்றுவிட்டான், தாய் உப்பை மாற்றி நெல் கொண்டுவர உப்பளம் சென்றிருக்கிறாள். தலைவன் வருவதற்குரிய நேரம் இது என்பது குறிப்பு. பாடலில் சுறா இல்லை. அது விட்டுச்சென்ற தழும்பே உள்ளது. அத்தழும்பும் ஒரு குடும்பத்தின் வேலைநாளை அளக்கும் கருவியாகவே பயன்படுகிறது.

கணக்காயன் தத்தனாரின் பாடல் (குறுந். 304) வேட்டைக் கணத்தையே காட்டுகிறது. கூரிய எறியுளி, உலர்ந்த மூங்கிற்காம்பு, வளைந்த திமில், கோட்டுமீன் என ஒவ்வொன்றும் துல்லியமாகப் பெயர் பெறுகிறது. அந்த மூங்கில் நெய்தலுக்கு உரியதன்று, மலைச்சாரலில் விளைந்தது. கடலைப் புலவர் நீர்ச்சுரம் என்கிறார். பாலையின் சொல் கடலுக்குப் பெயராகிறது. ஒரே தொடரில் மூன்று நிலங்கள் மோதும் இவ்விடத்தை உரையாளர்கள் விரைவாகக் கடந்துவிடுகின்றனர் என்பது என் எண்ணம். வேட்டையின் முழக்கத்திற்கு அஞ்சிக் கரையிலிருந்த அன்னக் கூட்டம் சிதறி ஓடுகிறது. அந்நிகழ்வைத் தொலைவிலிருந்து அறிந்து எதிர்வினை ஆற்றுபவை பறவைகள் மட்டுமே. மனிதக் காண்போர் எவரும் அங்கு இல்லை.

பட்டினப்பாலையில் பரதவர் சினைச்சுறாவின் கோட்டை நட்டுத் தெய்வமாக வழிபடுகின்றனர். தொழிலில் விலங்கு தழும்பாகவும், வழிபாட்டில் கோடாகவும் நிற்கிறது. இரண்டிலும் உயிருள்ள முழு உடல் கண்ணுக்கு முன் இல்லை. இதை நெய்தற் புலவர்களின் குறைபாடாகக் கருத இடமில்லை. நீருக்குள் வாழும் உயிர் தன்னைப் பகுதி பகுதியாகவே காட்டும்: ஒரு துடுப்பு, ஒரு மூச்சு, ஒரு வால். கடலோடி அதை முழுமையாகப் பார்ப்பது அது இறந்த பின்னரே. ஜோ டி குருஸின் ‘ஆழிசூழ் உலகு’ (2004) போன்ற இக்காலப் புதினத்திலும் கடல்விலங்கு பேசப்படுவது தொழில்மொழியில்தான். அங்கும் வேடிக்கை பார்க்க நேரமுள்ளவர் எவரும் படகில் இல்லை.

பரணும் காத்திருத்தலும்

குறிஞ்சியில் நிலைமை வேறு. தினைப்புனத்துப் பரணில் இரவெல்லாம் விழித்திருப்பவன் யானை வரும் வழியையும், பிடி கன்றை நடுவில் வைத்துச் செல்லும் முறையையும், ஆண்குரங்கு குட்டியோடு விளையாடுவதையும் காண்கிறான். இப்பார்வையும் தொழிலிலிருந்து பிறந்ததுதான். பயிர் காக்கும் தொழில் அது. ஆயினும் அத்தொழில் ஓரிடத்தில் தங்கியிருப்பதைக் கோருகிறது. தங்கியிருப்பவன் கண்ணுக்கு விலங்கின் ஒரு நாள் முழுவதும், ஓராண்டு முழுவதும் தெரியவருகிறது. கபிலரின் குறிஞ்சிப் பாடல்களில் விலங்குகளுக்கு உறவுமுறை அமைவது இதனால்தான். களிறு, பிடி, கன்று. கடுவன், மந்தி, பறழ் எனக் குடும்பங்களே அங்கு உலவுகின்றன. நெய்தற் சுறாவுக்கு அத்தகைய குடும்பம் வாய்க்கவில்லை; சினைச்சுறா ஒன்றே விதிவிலக்கு.

இதன் உச்சம் கடுந்தோட் கரவீரனார் பாடல் (குறுந். 69). தன் ஆண்குரங்கு இறந்துபட, கைம்மையைத் தாங்க இயலாத மந்தி, மரமேறும் தொழிலை இன்னும் கல்லாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஓங்கிய மலைப்பக்கத்திலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. அத்தகைய சாரல் நாட்டுத் தலைவனிடம் தோழி பேசும் பாடல் இது. இங்கு மானிட உணர்வை விலங்கின் மேல் ஏற்றிக் கூறியுள்ளார் புலவர் என்பது வழக்கமான விளக்கம். கைம்மை என்ற சொல்லைப் பொறுத்தவரை அது சரி. குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைக்கும் செய்தியோ நோக்கி அறிந்தவர் கூற்றாகவே ஒலிக்கிறது. குரங்குக் கூட்டத்தில் பிற பெண்குரங்குகள் குட்டியைப் பேணுவது இன்றைய விலங்கியலும் பதிவு செய்துள்ள நடத்தை. புனைவுக்குள் ஒரு கூர்நோக்கு இருக்கிறது. அது காத்திருந்து பெற்றது.

ஓர்க்காவைக் காணும் படகுப் பயணம் இவ்விரு மரபுகளில் எதைச் சேரும்? நிலத்தால் அது நெய்தல். செயலால் குறிஞ்சி. மீன் பிடிக்கவோ உளி எறியவோ அல்லாமல், ஓர் உயிர்க்கூட்டத்தின் வரவுக்காகக் காத்திருந்து, கண்டு, மீள்வது அது. தொல்காப்பியர் நிலம் மயங்குதல் இல்லை என்றும், பிற மயங்கும் என்றும் வரையறுப்பார். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் மற்றொரு நிலத்தில் வரின், வந்த நிலத்தின் பயனையே தரும் என்பதும் அவர் கொள்கை; உரையாளர் இதனைப் பிற கருப்பொருளுக்கும் விரிப்பர். பார்வைக்கும் இதை விரிக்கலாம். குறிஞ்சிப் பார்வை கடலுக்குள் வரும்போது அது கடலின் விதிக்கு உட்பட்டாக வேண்டும். பரண் அசையாது, படகு அசையும், ஒலிக்கும், நெருங்கும், துரத்தவும் செய்யும். பரணில் இருப்பவனைத் தேடி விலங்கு வருகிறது. படகில் இருப்பவன் விலங்கைத் தேடிப் போகிறான். காட்சிப் பயணத்தின் இலக்கியச் சிக்கலும் அறச் சிக்கலும் இந்த ஒரே வேறுபாட்டில் வேர்கொண்டுள்ளன.

பெயரின் அரசியல்

விலங்கைச் சுட்டும் பெயரிலேயே இச்சிக்கல் தொடங்கிவிடுகிறது. திமி என்னும் பெருமீனை விழுங்குவது திமிங்கிலம்; அதனையும் விழுங்குவது திமிங்கிலகிலம். வடமொழி வழியாக வந்த இச்சொற்களைத் தமிழ்ப் பேரகராதி பதிவு செய்துள்ளது; கற்பனை மீன் என்றே பிற்பட்டது கருதப்பட்டுவந்தது. விழுங்குதல் என்னும் பொருள் கிலம் என்பதில் உறைகிறது. இன்று பரவலாக எழுதப்படும் ‘திமிங்கலம்’ என்ற வடிவில் அப்பொருள் மறைந்துவிட்டது.

திமிங்கிலத்தை விழுங்கும் உயிர் இருக்கக்கூடும் என்ற கற்பனைக்கு இலங்கைக் கடல் விந்தையான சான்றளித்தது. 2013இல் மிரிசா கடற்பகுதியில் ஓர்க்காக்கள் எண்ணெய்த் திமிங்கிலக் கூட்டத்தைத் தாக்கிய நிகழ்வு படம்பிடிக்கப்பட்டது. இலங்கைக் கடலில் ஓர்க்காக்கள் திமிங்கிலங்களை வேட்டையாடுவது குறித்த ஆய்வுக் கட்டுரை 2015இல் கடற்பாலூட்டிகளுக்கான ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. திமிங்கிலகிலத்தைக் கற்பித்தவர்கள் ஓர்க்காவைக் கண்டிருந்தனர் என்று இதனால் முடிவுகட்டலாகாது. ஒன்றை மற்றொன்று விழுங்கும் அடுக்கு, கதைமரபில் தானாகவே வளரக்கூடியது. ஆனால் கற்பனை எனத் தள்ளப்பட்ட ஒரு சொல்லுக்குப் பொருத்தமான உடல் நம் கடலிலேயே நீந்துகிறது என்பதை அகராதி ஆய்வாளர் கவனத்தில் கொள்ளலாம்.

தமிழ் நாளிதழ்கள் ஓர்க்காவை ‘கொலைகாரத் திமிங்கிலம்’ என்று எழுதுகின்றன. ஆங்கில மாலுமிகளின் வழக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த இவ்வழக்கில் இரு பிழைகள் உள்ளன. உணவுக்காக வேட்டையாடும் விலங்கு கொலைகாரன் ஆகாது. புலியை நாம் அப்படி அழைப்பதில்லை. மேலும், உயிரியல் வகைப்பாட்டில் ஓர்க்கா ஓங்கல் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் மிகப் பெரியது. ஓங்கல், ஓங்கில் என்பன தமிழகக் கரையோர மீனவர் ‘டால்பின்’ என்னும் விலங்குக்கு வழங்கும் பெயர்கள். இலக்கிய வழக்கில் ஓங்கல் என்றால் மலை. நீரிலிருந்து ஓங்கி எழுவதும் நிலத்திலிருந்து ஓங்கி நிற்பதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. கல்வராயன் மலையடிவாரத்தில் நெய்தற் பாடல் நடத்தும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல வாயில் கிடைப்பது அரிது. ஓர்க்கா என்ற பெயரை அப்படியே ஏற்று, வேண்டுமிடத்து ‘ஓர்க்கா ஓங்கல்’ என விளக்கி எழுதுவது தகும் என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை. சொந்தப் பெயர்கள் இருக்க, மொழிபெயர்ப்புப் பெயர்களால் இயற்கையை எழுதும் போக்கைச் சு. தியடோர் பாஸ்கரன் தம் சூழலியல் கட்டுரைகளில் தொடர்ந்து கண்டித்து வந்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

பெயர்க்குழப்பத்தின் விளைவு 2016 சனவரியில் மணப்பாடு கரையில் வெளிப்பட்டது. அங்கு எண்பதுக்கும் மேற்பட்ட குறுந்துடுப்பு வழிகாட்டித் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. மீனவர் அவற்றைக் கடலுக்குள் தள்ள முயன்றும் பல மீண்டும் கரைக்கே வந்தன. தூத்துக்குடிப் பகுதியில் 1973 சனவரியிலும் இவ்வினத்தின் 147 விலங்குகள் ஒதுங்கியதாகப் பதிவு உண்டு. பெயரில் திமிங்கிலம் இருப்பினும் இவையும் ஓங்கல் குடும்பத்தவையே. கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்பினவை. ‘திமிங்கிலம் செத்து ஒதுங்கியது’ என்ற ஒருமைச் செய்தி நடை, சுற்றம் ஒன்று சேர்ந்தே இறக்கிறது என்ற உண்மையை மறைத்துவிட்டது. மந்தியின் சுற்றத்தை அறிந்த மொழி, ஓங்கலின் சுற்றத்தைக் காணத் தவறியது.

கோணமலையில் நின்று

கடல்விலங்கை இன்பத்தின் பொருட்டுக் காணும் காட்சி இந்திய இலக்கியத்தில் முற்றிலும் இல்லை என்று கூற முடியாது. காளிதாசரின் இரகுவமிசம் பதின்மூன்றாம் சருக்கத்தில், இலங்கையிலிருந்து திரும்பும் இராமன் வானூர்தியில் இருந்தவாறே சீதைக்குக் கடலைக் காட்டுகிறான். ஆற்றுமுகத்தில் வாய்திறந்து உயிரினங்களோடு நீரை உட்கொண்டு, தலைத்துளை வழியே அதை மேலே பீய்ச்சும் திமிகள் அதில் வருகின்றன. துளை தலையில் இருப்பதைச் சரியாகக் கூறும் கவிஞர், பீய்ச்சப்படுவது உட்கொண்ட நீர் எனக் கருதுவது மட்டுமே பிழை. பார்ப்பவர் இருக்கும் இடம் இங்குக் குறிப்பிடத்தக்கது. வானூர்தி கடலைத் தொடவில்லை. விலங்குக்கும் காண்போருக்கும் இடையே உயரம் இருக்கிறது. அவ்வுயரமே காட்சியை இயலச் செய்கிறது.

உயரத்தின் இப்பயனை இன்று தருவது திருகோணமலை. ஞானசம்பந்தர் பாடிய கோணமாமலையின் கோயில் நிற்கும் செங்குத்துப் பாறையிலிருந்து, பருவகாலத்தில் நீலத் திமிங்கிலங்களின் மூச்சுநீர்த் தூணைப் படகேறாமலே காண முடியும். கரையோரத்திலேயே கடல் ஆழமாவதால் இது இயல்கிறது. மலையும் கடலும் அடுத்தடுத்து நிற்க, மலையில் அமர்ந்து கடலைக் காக்கும் பரண் அது. சம்பந்தரின் பதிகத்தில் அலை முத்தும் அகிலும் கொணர்ந்து எறியும், திமிங்கிலம் வரவில்லை. அடியவரின் கண் இறைவனை நோக்கியிருந்தமையால் அது இயல்பே.

1979இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் இந்தியப் பெருங்கடலைப் புகலிடமாக அறிவித்தது. அதன் பின் 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்னும் பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக் கடலில் திமிங்கிலங்களை ஆராய்ந்தனர். 1983இல் போர் மூண்டது. தொடங்கவிருந்த காட்சிப் பயணத் தொழில் அக்கரையில் நெடுங்காலம் முடங்கியது. தமிழ் வழங்கும் கிழக்குக் கரையில் தமிழில் ஒரு திமிங்கில இலக்கியம் தோன்றாமைக்கு மொழி மட்டும் காரணமன்று. அக்கரையில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஐயத்துக்குரிய செயலாக இருந்த ஆண்டுகள் அவை. போர் ஓய்ந்த காலத்தில் தொழில் தெற்கே மிரிசாவில் பெருகிவிட்டது. படகுகள் ஒரு விலங்கைச் சுற்றி நெருக்கும் நிலை அங்கு உருவாக, 2012இல் இலங்கை அரசு தொலைவு, வேகம் முதலியவற்றை வரையறுக்கும் விதிகளை இயற்றியது.

ஆற்றுப்படை என்னும் அளவுகோல்

பயணி தங்குபவர் அல்லர்; கடந்து செல்பவர். அவருக்குப் பரணின் பார்வை எளிதில் வாய்க்காது. இந்த இடைவெளியை நிரப்பவே தமிழில் ஒரு வடிவம் உண்டு. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. தென்பெண்ணைக்கு வடக்கே அச்செங்கம். தெற்கே கல்வராயன் மலை. இவ்வட்டாரத்தின் நிலவமைப்பை அறிந்தவர்க்கு அப்பாட்டின் வழிகள் அயலானவை அல்ல.

அப்பாட்டு, வழிச்செல்வோர்க்கு மலையின் அழகை மட்டும் கூறி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்குள்ளன, பாம்பு உறையும் குழிகள் எவை, வழுக்கும் பாறையில் எதைப் பற்றி இறங்க வேண்டும், யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் வரும்போது எங்கு ஒதுங்க வேண்டும் என்று அது விரித்துரைக்கிறது. கவண்கல் பற்றிய அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கல் யானைக்கு, ஆனால் வழியில் செல்லும் கூத்தருக்கும் அது படலாம். அங்கு வாழ்பவருக்கும் விலங்குக்கும் இடையே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கின் குறுக்கே பயணி நுழைகிறான் என்ற உணர்வு அதில் உள்ளது. மலை தனக்காக வைக்கப்பட்ட காட்சியன்று என்பதை அவன் முதலில் அறிய வேண்டும்.

இந்த அளவுகோலால் இன்றைய எழுத்தைப் பார்த்தால் குறை எங்குள்ளது என்பது தெளிவாகிறது. மிரிசா பற்றிய கட்டுரைகளில் அக்கடலில் மீன் பிடிப்பவர் எவரும் இல்லை. கப்பல்கள் செல்லும் பெருவழி அருகில் இருப்பதும், அதில் நீலத் திமிங்கிலங்கள் அடிபடுவதும் இல்லை. கல்வராயன் மலைச் சுற்றுலாவைப் பற்றிய எழுத்தும் இக்குறைக்கு விலக்கன்று. மேகம் அருவியும் கரியாலூர்ப் படகுத்துறையும் வருணிக்கப்படும்; மலையாளி பழங்குடியினரின் ஊர்களும் பயிர்களும் சாலையோரப் பின்னணியாகவே கடந்துபோகும். கோமுகியாறு இம்மலையில் தோன்றி வெள்ளாற்றோடு கூடிப் பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. அவ்வெள்ளாற்று முகத்திற்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் பிச்சாவரத்து அலையாத்திக் காடு. அங்கே கழிப்பறவைகளைக் காணப் படகு ஓடுகிறது. மலைநீர் சென்று சேரும் கழிமுகத்தைப் பற்றி எழுதும்போது மலையை நினைக்கும் கட்டுரையை இதுவரை கண்டிலேன்.

மலைபடுகடாத்தின் மற்றொரு கூறு இதைவிடவும் நுட்பமானது. அப்பாட்டின் பெயரே ஒலியைச் சார்ந்தது. மலையை யானையாகவும், அதில் எழும் பல்வேறு ஓசைகளை மதமாகவும் உருவகிக்கும் பகுதியில், அருவி, புண்பட்ட கானவன், அகவும் மயில், பிடியை அழைக்கும் களிறு, தினை குற்றும் மகளிர் பாட்டு என ஓசைகள் அடுக்கப்படுகின்றன. புலவர் அங்கு மலையைப் பார்க்கவில்லை, கேட்கிறார். ஓர்க்காவை அறிந்த வரலாறும் கேட்டலில்தான் ஆழம் பெற்றது. கனடாவின் ஆன்சன் தீவில் பால் சுபாங் 1970இல் நிறுவிய ஓர்க்கா ஆய்வகம், நீருக்கடியில் ஒலிவாங்கிகளை அமைத்துக் கரையிலிருந்தே அவ்விலங்குகளின் குரல்களைப் பதிவு செய்து வருகிறது. அக்கடலில் ஒவ்வொரு தாய்வழிக் குடும்பத்திற்கும் தனித்த குரல் வழக்கு உண்டு என்பது கேட்டதால் தெரியவந்த செய்தி. அதே பகுதியில் மைக்கேல் பிக் 1970களில் முதுகுத்துடுப்பின் வடிவையும் அதன் பின்புறத்துச் சாம்பல்நிறத் திட்டையும் கொண்டு ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டார். களிறு, பிடி, கன்று என்ற குறிஞ்சி உறவுமுறை கடலுக்குள் கிடைத்தது அப்போதுதான். விலங்குகள் கூழாங்கல் அடித்தளத்தில் உடலைத் தேய்க்க வரும் ராப்சன் வளைகுடா 1982இல் காப்பிடமாக்கப்பட்டது.

இரங்கல்

அவ்வாறு அடையாளம் காணப்பட்டமையால்தான் 2018 சூலையில் சேலிசுக் கடலில் நிகழ்ந்ததை உலகம் அறிந்தது. ஜே 35 என எண்ணிடப்பட்ட ஓர்க்கா ஈன்ற கன்று அரைமணி நேரமளவே உயிர்வாழ்ந்தது. தாய் அவ்வுடலைத் தலையால் தாங்கியவாறு 17 நாள்கள் நீந்தியது. சுற்றம் உடன் சென்றது.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். ஆனால் நெய்தற் பாடல்களில் இரங்குபவள் தலைவி. நாரையும் அலவனும் அன்றிலும் அவள் துயரைக் கேட்கும் சான்றுகள், அல்லது கேளாதவை. ஜே 35 விஷயத்தில் இவ்வமைப்பு தலைகீழாகிறது. இரங்குவது விலங்கு, படகிலும் கரையிலும் நிற்கும் மனிதரே நாரைகள். அத்துயரை மானிடத் துயராகவே பெயர்த்து எழுதிய தமிழ்ச் செய்திக் கட்டுரைகள் ஒருபுறமும், விலங்குக்குத் துயர் என்று ஒன்று இல்லை என்ற மறுப்பு மறுபுறமும் எழுந்தன. இரண்டும் குறுந்தொகை 69ஐ வாசித்தவர்க்கு நிறைவு தாரா. அப்பாடலின் சொல்வினையை மீண்டும் நோக்க வேண்டும். மந்தியின் இறப்பைக் கூறிய தோழி அதற்காகக் கண்ணீர் விடுமாறு தலைவனைக் கேட்கவில்லை. நள்ளிரவில் அவ்வழியே வாராதே என்கிறாள். விலங்கின் துயரை அறிந்தவர் செய்யத்தக்கதாகப் பாடல் முன்வைப்பது, வருபவனைத் தடுக்கும் ஒற்றை எதிர்மறை ஏவல்: வாரல்.

ஜே 35 சேர்ந்த தென் வாழ்நர் கூட்டத்தில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ எழுபதுதான். அவற்றின் உணவான சின்னூக்குச் சால்மன் குறைந்துவிட்டது. குறைந்த மீனை எதிரொலியால் தேடும் அவற்றின் செவியைப் படகு எந்திர ஒலி மறைக்கிறது. 2025 சனவரி முதல் நாளிலிருந்து வாசிங்டன் மாநிலக் கடலில் எப்படகும் இக்கூட்டத்தை 1000 கசத்திற்குள் நெருங்கலாகாது. அத்தொலைவில் வெறுங்கண்ணுக்குத் தெரிவது ஒரு கருந்துடுப்பின் நுனி மட்டுமே. பரணிலிருந்து பார்ப்பவர்க்கும் மறுசரிவில் செல்லும் களிற்றின் முதுகு அவ்வளவே தெரியும். அதைக் கொண்டு குறிஞ்சிப் புலவர்கள் எழுதினர்.